செம்மணியில் சிலை வைக்க நினைப்பவர்களுக்கு

யாழ்ப்பாண மாவட்டத்தின் மாநகர, நகர, பிரதேச சபை உறுப்பினர்களுக்கும், நினைவுச்சின்னக் குழு அமைத்திருக்கிற, அமைக்கப்போகிற ஊர்ப் பெரியவர்களுக்கும்,

வணக்கம்.

செம்மணி சித்துப்பாத்திச் சுடலையில் எலும்புக்கூடுகள் எடுக்கிற மனிதப் புதைகுழிக் கிடங்கு மூடுமுன்னரே அங்கே என்ன கட்டலாம் என்ற கதை சந்திகளில் தொடங்கிவிட்டது. தூபி என்கிறார் ஒருவர். தாயும் பிள்ளையுமாக ஒரு சிலை என்கிறார் இன்னொருவர். காசு வெளியிலிருந்து வரும், அதைப் பற்றி யோசிக்கத் தேவையில்லை என்கிறார் மூன்றாமவர். ஒன்றும் கட்டவேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. யாரைக் கேட்டு, எவ்வளவு ஆறுதலாக, அவசரப்படாமல், எதைக் கட்டுவது என்பதைப் பற்றித்தான் இந்த மடல். அதற்காகக் கொலம்பியா நாட்டுச் சிற்பி டோரிஸ் சல்செடோவின் கதையைச் சொல்லப்போகிறேன். சித்திரம் படிப்பித்து ஓய்வு பெற்றவள் நான். இடையிடையே வகுப்பெடுப்பது போல இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊரில் சிலை எப்படி வருகிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. முதலில் கூட்டம். தலைவர், செயலாளர், பொருளாளர் தெரிவு. பிறகு திறப்பு விழாவுக்கு நாள் பார்ப்பது. பிறகு பிரதம விருந்தினர். சிற்பியைத் தேடுவது கடைசியில்தான். கல்வெட்டுப் புத்தகத்தில் வந்த மங்கிய படம் ஒன்றைப் பெருப்பித்து அவர் கையில் கொடுத்து, வாற மாதம் வேணும் என்பார்கள். பாவம், அவர் என்ன செய்வார்? கம்பி கட்டி, கோழிவலை சுற்றி, சீமெந்து பூசி, கண்ணுக்கு மேலே கண்ணாடியையும் வைத்து, தங்கப் பெயின்ற் அடித்துக் கொடுத்துவிடுவார். குடாநாட்டின் பாதி மார்பளவுச் சிலைகளுக்கு ஒரே மூக்கு என்பதை உற்றுப் பார்த்தவர்கள் அறிவார்கள். ஒரு பாடசாலையில் பழைய அதிபரின் சிலையைத் திரை விலக்கியபோது, கனடாவிலிருந்து வந்திருந்த மகள் பக்கத்திலிருந்தவரிடம் மெல்லமாக, "இது ஆர்?" என்று கேட்டதை என் காதால் கேட்டேன். அதிபருக்கு அது பரவாயில்லை, மாலையாவது விழுகிறது. செம்மணிக்கு அப்படிச் செய்ய முடியாது.

சரி, கதைக்கு வருகிறேன்.

டோரிஸ் சல்செடோ 1958இல் கொலம்பியாவின் தலைநகர் பொகோட்டாவில் பிறந்தார். அங்கேயே நுண்கலை படித்து, 1984இல் நியூயோர்க் பல்கலைக்கழகத்தில் முதுமாணி முடித்தார். நியூயோர்க்கில் தங்கியிருக்கலாம். தங்கவில்லை. கெரில்லாக்கள், இராணுவம், துணைப்படைகள், போதைப்பொருள் கும்பல்கள் என்று நாலு பக்கமும் கொலை நடந்த நாட்டுக்கே திரும்பி வந்தார். இன்றுவரை அந்த நகரத்தில் இருந்துதான் வேலை செய்கிறார்.

1985 நவம்பர் 6ஆம் திகதி எம்-19 என்ற கெரில்லா இயக்கத்தினர் பொகோட்டாவின் நீதி மாளிகைக்குள் புகுந்து நீதியரசர்களைப் பணயம் பிடித்தார்கள். இராணுவம் கவசவாகனங்களோடு உள்ளே போனது. மறுநாள் கட்டடம் எரிந்து முடிந்தபோது, உச்ச நீதிமன்ற நீதியரசர்கள் உட்பட நூறு பேரளவில் செத்திருந்தார்கள். அது ஒரு பக்கம். அந்தக் கட்டடத்துச் சிற்றுண்டிச்சாலையில் வேலை செய்தவர்கள் சிலரை இராணுவம் வெளியே கூட்டிவந்ததைப் பார்த்த சாட்சிகள் உண்டு. அவர்கள் வீடு வந்து சேரவில்லை. 29 வருடம் கழித்து, 2014இல், அமெரிக்க நாடுகளுக்கிடையிலான மனித உரிமை நீதிமன்றம் அதற்குக் கொலம்பிய அரசுதான் பொறுப்பு என்று தீர்ப்புச் சொன்னது. 2009இல் வட்டுவாகலில் பிள்ளையை இராணுவத்திடம் கையில் பிடித்துக் கொடுத்துவிட்டு வந்த தாய்மாருக்கு இதற்குமேல் நான் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

சல்செடோ அந்தத் தீர்ப்புக்காகக் காத்திருக்கவும் இல்லை, உடனே ஓடிப்போய்ச் சிலை செய்யவும் இல்லை. 17 வருடம் விட்டார். 2002 நவம்பர் 6ஆம் திகதி முற்பகல் 11.35க்கு, முதலாவது ஆள் கொல்லப்பட்ட அதே நேரத்தில், திருப்பிக் கட்டப்பட்ட நீதி மாளிகையின் கூரையிலிருந்து ஒரு வெறும் மரக் கதிரை சுவரோரமாக மெல்லக் கீழே இறங்கியது. பிறகு இன்னொன்று. சில நேரம் ஒன்று தனியே, சில நேரம் பல சேர்ந்து, 53 மணித்தியாலம் இரவும் பகலுமாக 280 கதிரைகள் அந்தச் சுவரில் தொங்கின. கந்தோருக்குப் போன சனம் நின்று அண்ணாந்து பார்த்தது. மேடை இல்லை, உரை இல்லை, நாடா வெட்டவும் இல்லை. முடிந்ததும் கதிரைகளைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சுவர் பழையபடி சுவர்.

இதென்ன சிற்பம், நாலு கதிரையைக் கட்டித் தொங்கவிடுவது என்று உங்களில் ஒருவர் கேட்பார். வகுப்பிலும் கேட்பார்கள். கதிரை என்பது ஒரு ஆள் இருக்கிற இடம். ஆள் இல்லாத கதிரையை ஒவ்வொரு வீடும் அறியும். அதைப் பார்த்து "இது ஆர்?" என்று ஒரு மகளும் கேட்கமாட்டாள்.

அவருடைய வேலைகளில் என்னை அதிகம் பிடித்து வைத்திருப்பது அதற்கும் முந்தியது. 1990களின் தொடக்கத்தில் அவர் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்களைத் தேடிப் போனார். போய் என்ன செய்தார் என்றால், இருந்து கேட்டார். திரும்பத் திரும்பப் போய்க் கேட்டார். சில குடும்பங்கள் காணாமற்போன மகளின், சகோதரியின் சப்பாத்தை அவரிடம் கொடுத்தன. 'அற்றாபிலியாரியோஸ்' என்ற அந்தப் படைப்பில், சுவரில் சின்னச் சின்ன மாடங்கள் வெட்டி, அவற்றுக்குள் சப்பாத்துகளை வைத்தார். முன்பக்கத்தை மாட்டின் சிறுநீர்ப்பைத் தோலால் மூடி, சத்திரசிகிச்சை நூலால் சுவரோடு சேர்த்துத் தைத்தார். தோல் மஞ்சள் பூத்தது, பாதிதான் ஊடுருவித் தெரியும். உள்ளே ஒரு குதி, ஒரு வார், தேய்ந்த ஒரு ஓரம். கிட்டப் போனாலும் வடிவாகத் தெரியாது, தூரப் போனாலும் மறக்கேலாது. பெயர்ப்பலகை இல்லை. தையலைப் பார்த்தால் காயத்துக்குப் போட்ட தையல் மாதிரியே இருக்கும், கறுப்பாக, கொஞ்சம் கோணலாக.

2025 ஓகஸ்ட் 5ஆம் திகதி செம்மணியில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நினைவிருக்கும். நீதிமன்ற உத்தரவின்படி, கிடங்கில் எடுத்த பொருள்களைச் சனம் அடையாளம் காண்பதற்காகப் பார்வைக்கு வைத்தார்கள். உடுப்பு, செருப்பு, வளையல், பள்ளிக்கூடப் பை, ஒரு பொம்மை, பால் போத்தல். சுடலையில் எரியூட்டி கட்ட அத்திவாரம் வெட்டப்போய் எலும்பு வந்தது அந்த வருடம் பெப்ரவரியில். செப்ரெம்பருக்குள் 200இற்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள். மாணவி கிருசாந்தியின் கொலை வழக்கில் தண்டனை பெற்ற இராணுவத்தான் 1998இல் நீதிமன்றத்தில் செம்மணியைப் பற்றிச் சொன்னபோது, மறு வருடம் தோண்டி எடுத்தது 15. இடையில் இருந்தது கால் நூற்றாண்டு.

அந்தப் பொருள்கள் நீதிமன்றச் சான்று. அவற்றில் ஒன்றையும் யாரும் நினைவுச்சின்னத்துக்குக் கேட்கக்கூடாது, சீமெந்தில் அச்சு வார்த்து மாதிரி செய்யவும்கூடாது. சல்செடோவின் கைக்கு வந்தது குடும்பம் மனமுவந்து கொடுத்த சப்பாத்து. இது அப்படியல்ல. யாருடையது என்றே இன்னும் தெரியாத பை இது. "அந்தப் பொம்மையைப் பெரிதாக ஒரு சிலை செய்தால் பார்ப்பவர் மனம் உருகும்" என்று கூட்டத்தில் ஒருவர் சொல்லக்கூடும். சொன்னால் தயவுசெய்து அந்த இடத்திலேயே மறுத்துவிடுங்கள்.

குடும்பங்களைக் கேளுங்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் எல்லாரும் ஒரே மனநிலையில் இல்லை. சிலர் வீட்டில் படத்துக்குப் பொட்டு வைத்தாயிற்று. சிலர் இன்றும் எட்டுச் செலவு செய்யவில்லை, அந்தியேட்டி செய்யவில்லை, ஆடி அமாவாசைக்குக் கீரிமலைக்குப் போவதில்லை. போனால் கணவனைத் தாங்களே சாகடித்தது போலாகும் என்று நினைக்கிறார்கள். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் தெருவோரம் குந்திய தாய்மார் கேட்டது பதில், தூபி அல்ல. அப்படிப்பட்ட ஒரு தாயின் முன்னால், "இறந்த எம் உறவுகளுக்கு" என்று கல்லில் வெட்டிவைத்து, விளக்கேற்ற வா என்று கூப்பிட்டால் அவள் என்ன செய்வாள்? கல்லில் என்ன எழுதுவது என்பது குழுவின் செயலாளர் ஒரு பின்னேரத்தில் எழுதி முடிக்கிற வேலை இல்லை.

சல்செடோவுக்குத் திரும்புவோம். கொலம்பிய இராணுவம் வேலையில்லாத ஏழைப் பெடியன்களைக் கூட்டிப்போய்ச் சுட்டு, கெரில்லாச் சீருடை போட்டு, சண்டையில் கொன்றதாகக் கணக்குக் காட்டியது. கணக்குக் கூடினால் பரிசு, லீவு, பதவி உயர்வு. 2002க்கும் 2008க்கும் இடையில் இப்படிக் கொல்லப்பட்டவர்கள் 6,402 பேர் என்று அந்நாட்டின் சமாதானத்துக்கான விசேட நீதிமன்றம் 2021இல் சொன்னது. சல்செடோ அந்தத் தாய்மாரோடு சேர்ந்து அலைந்தார். அதற்குப் பிறகு செய்ததுதான் 'பிளெகாரியா மூடா': ஒரு மேசை, அதன்மேல் கவிழ்த்துவைத்த இன்னொரு மேசை, இரண்டுக்கும் நடுவில் மண். மேல் பலகையின் நுண்ணிய துளைகளால் புல் முளைத்து வருகிறது. ஒரு சவப்பெட்டி அளவு மேசைகள், ஒரு மண்டபம் நிறைய. புல் உண்மையான புல், தண்ணீர் ஊற்ற வேண்டும். ஊற்ற ஒரு ஆள் வேண்டும். பராமரிப்புக்கு வழி பார்க்காமல் அந்தப் படைப்பு ஒரு கிழமை நிற்காது. எங்கள் தூபிகளில் எத்தனைக்கு, திறப்பு விழாவுக்கு அடுத்த வருடம் புல்லு வெட்டக் காசு ஒதுக்கியிருக்கிறீர்கள்?

2007இல் லண்டன் ரேற் மொடேர்ண் கலைக்கூடத்தின் பெரிய மண்டபத் தரையை 167 மீற்றர் நீளத்துக்குப் பிளந்து காட்டியதால்தான் உலகம் அவரை அதிகம் அறிந்தது. பத்திரிகைகள் எழுதித் தள்ளிய அந்தக் கதை எங்களுக்கு இங்கே அவ்வளவு தேவையில்லை. இங்கே தேவையானது 2018இல் பொகோட்டாவில் அவர் செய்தது.

2016 சமாதான உடன்படிக்கையின்படி பார்க் (FARC) என்ற கெரில்லா இயக்கம் ஆயுதங்களைக் கையளித்தது. அவற்றை உருக்கி நினைவுச்சின்னங்கள் செய்யவேண்டும் என்பது உடன்படிக்கையில் இருந்த நிபந்தனை. கொலம்பியாவில் செய்யவேண்டிய சின்னத்தைச் சல்செடோவிடம் கொடுத்தார்கள். 37 தொன் துவக்கு. எங்கள் ஆளிடம் கொடுத்திருந்தால் வானத்தைத் தொட ஒரு தூண் எழுந்திருக்கும், உச்சியில் ஒரு புறாவும் இருந்திருக்கும். அவர் நிமிர்ந்து நிற்கிற எதையும் செய்ய மறுத்துவிட்டார். தரை போட்டார். போர்க்காலத்தில் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களைக் கூப்பிட்டார். அவர்கள் கையில் சுத்தியலைக் கொடுத்து, உலோகத் தகடுகளை அடித்து நெளிக்கச் சொன்னார். அடித்து முடித்த தகடுகளில் அச்செடுத்து, உருக்கிய ஆயுதத்தை அதில் வார்த்து, 1,296 ஓடுகள் செய்து, பாழடைந்த ஒரு பழைய வீட்டு வளவில் எழுப்பிய கட்டடத்தின் தரையாகப் பதித்தார். 'பிராக்மெந்தோஸ்' என்று பெயர். அந்தப் பெண்களின் அடி ஒவ்வொன்றும் தரையில் மேடுபள்ளமாகத் தெரியும். வருபவர்கள் அதன்மேல் நடக்கிறார்கள். துவக்குக் காலுக்குக் கீழே. போர் நடந்த 53 வருடத்துக்குச் சமமாக, அடுத்த 53 வருடமும் மற்றக் கலைஞர்கள் வந்து அந்த இடத்தில் போரைப் பற்றித் தங்கள் படைப்புகளைக் காட்டவேண்டும் என்பது திட்டம். அதாவது ஒரு சிற்பி தனக்குக் கிடைத்த இடத்தை மற்றவர்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறார்.

இதை நான் இவ்வளவு விரித்துச் சொல்லக் காரணம், உயரம் என்கிற ஆசை எங்களைப் பிடித்திருக்கிறது. கிளிநொச்சியில் ஏ9 ஓரமாக, குண்டு துளைத்து வெடித்த கொன்கிறீற் கட்டியில் தாமரை பூத்த மாதிரி இராணுவம் வைத்த வெற்றிச் சின்னம் நிற்கிறது. அதைக் கடந்து போகிற ஒவ்வொருவருக்கும், அதைவிட உயரமாக எங்களுடையது ஒன்று நிற்கவேணும் என்று மனதில் வரும். வராவிட்டால்தான் அதிசயம். ஆனால் நிற்கிற எதையும் இந்த மண்ணில் எவ்வளவு லேசாக விழுத்தலாம் என்பதும் எங்களுக்குத் தெரியும். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்த அதே நாள்களில் நகரத்துப் புலவர் சிலைகளையும் உடைத்தார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபியை 2021 ஜனவரி 8ஆம் திகதி இரவு இயந்திரம் கொண்டு இடித்தார்கள். மாணவர் வாசலில் உண்ணாவிரதம் இருந்தார்கள், சனம் திரண்டது, மூன்றாம் நாள் திரும்ப அடிக்கல் வைத்தார்கள், ஏப்ரல் 23ஆம் திகதி திறந்தார்கள். அந்தத் தூபிக்கு இன்று இருக்கிற மதிப்பில் பாதி, இடித்த பிறகு அதன் வாசலில் பசியோடு கிடந்த பிள்ளைகள் கொடுத்தது.

கடைசிப் போரில் சனம் பசிக்குக் குடித்ததன் நினைவாக மே மாதத்தில் சந்திக்குச் சந்தி முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சுகிறோமே, அதை எந்தச் சிற்பியும் செய்யவில்லை, எந்தச் சபையும் தீர்மானம் போடவில்லை. அரிசி, தண்ணீர், கிடைத்தால் உப்பு. சிரட்டையில் வாங்கிக் குடிக்கிறோம். அதைத் தடுக்க நீதிமன்றத் தடை எடுத்தார்கள், பானையைத் தூக்கினார்கள், ஆட்களைப் பிடித்தார்கள். அடுத்த வருடமும் கஞ்சி கொதித்தது. சல்செடோ கதிரையை இறக்கியதும் எங்கள் பெண்கள் கஞ்சி காய்ச்சியதும் ஒரே வகை வேலை என்பது என் எண்ணம். சித்திரப் பாடத்திட்டத்தில் இதற்கு இடமில்லை, அது வேறு கதை.

சல்செடோவைத் தெய்வமாக்கவும் வேண்டாம். 2016 ஒக்ரோபரில், சமாதான உடன்படிக்கையின் முதல் வடிவம் வாக்கெடுப்பில் தோற்றதும், பொகோட்டாவின் நடுச் சதுக்கத்தில் கிட்டத்தட்ட 1,900 பேரின் பெயரைச் சாம்பலால் வெள்ளைத் துணிகளில் எழுதி, வந்த சனத்தைக் கொண்டே ஒன்றோடொன்று தைப்பித்து, சதுக்கம் முழுக்க விரித்தார். பார்க்க உடம்பு சிலிர்க்கிற வேலை. ஆனால் அங்கே ஏற்கெனவே கூடாரமடித்து சமாதானத்துக்காகக் குந்தியிருந்தவர்களை அந்தத் துணிக்காக ஓரத்துக்குத் தள்ளிவிட்டார் என்று அவர்மேல் குறை சொன்னார்கள். நியாயமான குறை. செம்மணி வாசலில் சுவரொட்டியோடு நிற்கிற தாய்மாரை, கட்டுமான வேலை நடக்கிறது, தள்ளி நில்லுங்கள் என்று நாளைக்கு உங்கள் கொந்தராத்துக்காரர் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, அவருக்குப் பெரிய பட்டறை இருக்கிறது, உலகப் பரிசுகளின் காசு இருக்கிறது. 2014இல் ஹிரோஷிமா கலைப் பரிசு, 2019இல் நோமுரா பரிசாகப் பத்து லட்சம் அமெரிக்க டொலர். எங்கள் பிள்ளைகளுக்கு அது இல்லை. மாட்டுச் சிறுநீர்ப்பையும் மேசையும் வாங்க அவ்வளவு காசு தேவையில்லை என்பதும் உண்மைதான். அவருக்கு அதிகம் செலவானது நேரம். அதை நீங்கள் கொடுக்கலாம்.

எங்களிடம் ஆட்கள் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நுண்கலை படித்து வெளிவந்தவர்கள் போரையும் வீட்டையும் வைத்துச் செய்த வேலைகள் வெளிநாட்டுக் காட்சிகளுக்குப் போகின்றன. ஓவியர் தா. சனாதனன் 2004இலேயே, யாழ்ப்பாணத்து வீடுகளில் சேர்த்த சாதாரணப் பொருள்களை நூலகத்தில் காட்சியாக வைத்தவர். இங்கே சிலைக் குழுக்கள் இவர்களைக் கூப்பிடுவதில்லை, ஏனென்றால் இவர்கள் கேள்வி கேட்பார்கள், திகதிக்குள் முடிக்கமாட்டார்கள். தேர்முட்டியில் மரம் செதுக்குகிற ஆசாரிமாரையும் கூப்பிடுவதில்லை. கோயிலுக்கு ஒரு தேர் செய்ய வருடக்கணக்கில் பொறுக்கிற நாங்கள், செம்மணிக்கு ஏன் இரண்டு மாதத் தவணை வைக்கவேண்டும்?

ஆகவே நான் கேட்பது இது. அகழ்வும் அடையாளங்காணலும் நீதிமன்றத்தில் முடியும்வரை சித்துப்பாத்தியில் நிரந்தரமாக ஒரு கல்லும் வைப்பதில்லை என்று சபைகளில் தீர்மானம் போடுங்கள். அதுவரை விளக்கு எரியட்டும், அதற்குத் தகரக் கொட்டில் போதும். குழு அமைத்தால் அதில் பாதிப்பேராவது காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளாக இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்கிற உரிமையும் அவர்களுக்கு இருக்கட்டும். சிற்பியைப் பகிரங்கமாகக் கேட்டுத் தெரிந்து, அவர் குடும்பங்களோடு இருந்து கதைக்கிற மாதங்களுக்கும் சம்பளம் கொடுங்கள், அது சும்மா இருக்கிற காலம் என்று கழிக்காதீர்கள். கட்டுகிற காசில் ஒரு பங்கைப் பராமரிப்புக்கென்று வங்கியில் போட்டுவிட்டுத்தான் அத்திவாரம் வெட்டவேண்டும். திறந்து வைத்தவர், தலைமை தாங்கியவர், நிதியுதவி செய்தவர் என்று ஒரு பெயரும் அங்கே கல்லில் வரக்கூடாது. இந்தக் கடைசி விசயத்தில்தான் உங்களோடு எனக்குச் சண்டை வரும் என்று தெரியும். பரவாயில்லை, வரட்டும்.

சல்செடோவின் படைப்புகளின் படங்களை ஒழுங்குபடுத்தி வைத்திருக்கிறேன். எந்தச் சபை மண்டபத்துக்கும், எந்தச் சனசமூக நிலையத்துக்கும் கொண்டுவந்து காட்டி விளக்கத் தயார். வெள்ளைச் சுவர் ஒன்றும் மின்சாரமும் இருந்தால் போதும், போக்குவரத்துக் காசு வேண்டாம். ஒரேயொரு நிபந்தனை, அன்றைக்கு முன்வரிசைக் கதிரைகள் உறவுகளைத் தேடுகிற குடும்பங்களுக்கு. எந்த நாள் என்பதை நீங்களே குறித்து அறிவியுங்கள்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற சித்திர ஆசிரியை ஒருவர்,
கொக்குவில், யாழ்ப்பாணம்.